டூலின் வாயில் சந்தனம் வைக்காதீர்கள்

என் வலது கையை மட்டும் தனியாகப் பார்த்தால் யாரோ பயில்வானுடையது என்று நினைப்பீர்கள். இடது கை இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஜிம் பக்கம் ஒதுங்கியவன் இல்லை. எல்லாம் கிரிம்பிங் டூல் செய்த வேலை.

ஒயரின் நுனியைச் சீவி, செம்பு இழைகளை ஒரு சின்னப் பின்னுக்குள் நுழைத்து, அந்தப் பின்னை டூலின் வாயில் கொடுத்து, கைப்பிடியை அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் நாலு பல்லும் நாலு பக்கத்திலிருந்து பின்னைக் கடிக்கும். கடித்த கடியில் ஒயரும் பின்னும் ஒன்றாகிவிடும். ஈயம் வேண்டாம், சூடு வேண்டாம். சரியான இடத்தில் சரியான கடி, அவ்வளவுதான். இதையே நாள் முழுக்கச் செய்பவனுக்குக் கை பெருக்கும். வாய் பெருக்காது. அது எனக்கு வரும்போதே இந்த அளவில்தான் வந்தது என்று என் பெண்டாட்டி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

பெண்டாட்டியின் அண்ணன்தான் என் முதலாளி. கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. மோட்டார்களுக்கு வேண்டிய கன்ட்ரோல் பேனல் செய்கிறோம். நாங்கள் அதை போர்டு என்போம். சிப்காட் பக்கத்துச் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குப் போகும், சிதம்பரம் பக்கத்து இறால் பண்ணைகளுக்கும் போகும். போர்டிலிருந்து வெளியே போகும் ஒயர்கள் எல்லாம் ஒரு பெரிய பிளக்கில் சேரும். அந்தப் பிளக்குக்குள் வரிசையாகப் பின்கள். பின் போடுவது என் வேலை. நான் கெட்டிக்காரன் என்பதால் எனக்குக் கொடுக்கவில்லை. ஏணியில் ஏறச் சொன்னால் எனக்குத் தலை சுற்றும், வெல்டிங் பிடிக்கச் சொன்னால் சட்டை எரியும். உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

டூலுக்கு ஒரு குணம் உண்டு. பாதியில் விடாது. கொஞ்சம் அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசும் பெரியப்பா மாதிரி, ஆரம்பித்ததை முடிக்காமல் யாரையும் போகவிடாது. கடைசிவரை அழுத்தினால்தான் 'டக்' என்று வாயைத் திறக்கும். அரைகுறைக் கடி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

கடலூர்க் காற்றில் உப்பு ஜாஸ்தி. பட்டறையில் வைத்தால் இரண்டு மழைக்குள் துரு பிடித்துவிடும். அதனால் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன், ஒரு பழைய டிபன் டப்பாவில், புது மாத்திரை பாட்டிலுக்குள் போட்டிருப்பார்களே, அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு. சாயங்காலம் உட்கார்ந்து பல்லெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கைப்பிடி திரும்புகிற மூட்டில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். பல் பக்கம் எண்ணெய் போகவே கூடாது. அப்புறம் அளவுக் கம்பி. அதன் ஒரு முனை பல்லுக்கு நடுவே நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. நுழைந்தால் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"எம் பல்லு ஒரு வாரமா வலிக்கிது. அதுக்கு டாக்டருகிட்ட கூட்டிகினு போவ நேரமில்ல. இதுக்கு மட்டும் தெனம் பல்லு வெளக்கி வுடுறீங்க" என்பாள் பெண்டாட்டி. ஒருநாள் அவசரத்தில் டப்பா மாறிப்போய், பட்டறையில் திறந்தால் எலுமிச்சைச் சோறு. நான் சாப்பிட்டுவிட்டேன். அன்றைக்கு வேலை மட்டும்தான் நடக்கவில்லை.

மச்சான் பெரிய பக்தர். உடம்பும் பெரிசு, பக்தியும் பெரிசு. ஆயுத பூஜை வந்துவிட்டால் பட்டறையில் ஒரு திருகாணியைக்கூட விடமாட்டார். ஸ்பேனர், டிரில்லிங் மிஷின், ஏணி, டீ வாங்கும் தூக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கால்குலேட்டருக்குப் பொட்டு வைத்து சமன் பொத்தான் ஒட்டிக்கொண்டதால், கொஞ்ச காலம் எங்கள் பட்டறையில் எந்தக் கணக்குக்கும் விடை வராமல் இருந்தது.

நான் பொட்டுக்கு எதிரி இல்லை. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. மம்பட்டிக்கும் கடப்பாரைக்கும் பொட்டு வைத்த கைதான் இதுவும். ஆனால் கடப்பாரைக்குப் பொட்டு வைத்தால் கடப்பாரைக்கு ஒன்றும் ஆகாது. முதல் குத்தில் பொட்டு மண்ணுக்குப் போய்விடும், மண்ணும் கோபித்துக்கொள்ளாது. பொட்டு வைக்கிற வழக்கம் கடப்பாரை காலத்தில் வந்தது. என் டூலின் உள்ளே ஒரு நகக்கண் அழுக்கு போனாலும் அதற்கு ஜீரணமாகாது. இதை ஒரு வருஷம் மச்சானிடம் சொன்னேன்.

"அப்ப கைப்பிடில வெய்யிங்க மச்சான். வாயில வேணாம்."

"கைப்பிடில வெச்சா அது கைப்பிடிக்குப் பூச. வேல செய்யிறது எந்த எடமோ அங்க வெச்சாதான் டூலுக்குப் பூச" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மச்சானிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான். தப்பாகப் பேசும்போதுகூட நியாயமாகப் பேசுவார்.

அந்த வருஷம் விஜயதசமி காலையில், தொழில் தொடங்கும் முன், இன்னொரு முறை எல்லாவற்றுக்கும் புதுச் சந்தனம் வைத்தார். நான் பொரி கடலையில் முனைப்பாக இருந்தேன். அப்புறம் வேலையில் உட்கார்ந்தேன். சிதம்பரம் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஒருவருக்கு அன்று சாயங்காலமே போர்டு போக வேண்டும். டூலின் பல்லிலிருந்த சந்தனத்தைக் கண்ணுக்குத் தெரிந்தவரை துடைத்தேன். முதல் பின் போட்டு இழுத்துப் பார்த்தேன். இதற்கு எங்களிடம் ஒரு கொக்கித் தராசு உண்டு, துறைமுகத்தில் மீன் நிறுக்கிறார்களே, அதே ரகம். பின்னைப் பிடித்துக்கொண்டு ஒயரைக் கொக்கியில் மாட்டி இழுத்தால், எத்தனை கிலோ வரை தாங்குகிறது என்று முள் சொல்லும். முதல் பின் ஜோராகத் தாங்கியது. தைரியமாக மீதியையும் போட்டுக்கொண்டே போனேன்.

ஒரே ஒரு ஒயர் பாக்கி இருக்கும்போது, வழக்கப்படி மாதிரிக்கு இன்னொரு பின்னைப் போட்டுத் தராசில் மாட்டினேன். முள் பாதிகூட ஏறவில்லை, ஒயர் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தேன். பல் சரியாகத்தான் இருந்தது. பின்னை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் இருக்க வேண்டிய கடித் தடம், ஒயர் நுழைகிற ஓரத்தில் இருந்தது. பின்னின் மூக்கு நுனியில் அழகாக, மஞ்சளாக, ஒரு சந்தனப் பொட்டு.

டூலின் வாய்க்கு அடியில் ஒரு சின்னக் குழி உண்டு. பின் எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அவ்வளவு போனதும் அந்தக் குழியின் தரை தடுத்து நிறுத்தும். மச்சானின் விரல் தாராளம். சந்தனம் குழிக்குள் இறங்கிவிட்டிருந்தது. காலையில் ஈரமாக இருந்தபோது பின் அதில் அமிழ்ந்து, போக வேண்டிய இடத்துக்கே போனது. வெயில் ஏற ஏறச் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. பின் முழுசாக இறங்கவில்லை, பல் ஓரத்தைக் கடித்தது. எந்தப் பின் ஈரத்தில் போட்டது, எந்தப் பின் கல்லில் போட்டது என்று இனி யாருக்கும் தெரியாது.

சந்தில் குட்டியானை வந்து நின்ற சத்தம் கேட்டது. பண்ணைக்காரரே வண்டியோடு வந்திருந்தார்.

"மச்சான், போர்டு இன்னிக்குப் போவக் கூடாது" என்றேன்.

"ஏன், என்னா ஆச்சி?"

"பின்னெல்லாம் ஓரத்துல கடிச்சிருக்கு. டூலு வாயில சந்தனம்."

"சந்தனம் இருந்தா நல்லதுதான மாப்ள?"

"எனக்கு வெச்சா நல்லது. உங்களுக்கு வெச்சா இன்னும் நல்லது. ஒரு உருண்ட சந்தனத்த வாயில அடக்கிகினு முறுக்கு கடிச்சிக் காட்டுங்க, ஒத்துக்கறேன்."

"சாமி காரியத்துல நக்கல் பண்ணாத. இத்தன வருசமா வெக்கிறேன், என்னா ஆயிடுச்சி?"

"கால்குலேட்டர் ஆச்சி."

மச்சான் என்னை விட்டுவிட்டுப் பண்ணைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணுமில்ல, வாங்க. ஏத்திடலாம்."

பண்ணைக்காரர் மீனவக் குடும்பத்துக்காரர். கடலில் போய்க்கொண்டிருந்தவர், சில வருஷமாக இறால் குளம் போட்டிருக்கிறார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, குளத்துல குஞ்சு வுட்டு எறா நல்லா எட ஏறி நிக்கிது. பழைய போர்டு கெட்டுப் பூடுச்சி. டீசல் இன்ஜின் வெச்சி சக்கரத்த ஓட்டிகினு இருக்கேன். அது எப்ப படுத்துக்குமோ தெரியாது. ராத்திரில சக்கரம் நின்னா தண்ணில காத்து இருக்காது. விடிஞ்சி பாத்தா எறா பூரா மேல மெதக்கும். எனக்கு இன்னிக்கே போர்டு வேணும்."

"அண்ணே, இந்தப் போர்ட மாட்டுனாலும் அதேதான். சக்கரம் ஆடுற ஆட்டத்துல பின்னு உருவிகிச்சின்னா நின்னுடும். எந்தப் பின்னு, எப்பன்னு எனக்கே தெரியாது. இன்ஜினு நின்னா சத்தம் நின்னுடும், நீங்க முழிச்சிக்குவீங்க. போர்டு ஒங்கள எழுப்பாது."

"இவன் இப்பிடித்தாங்க. ஒண்ணுக்கு ஒம்பது சொல்லுவான்" என்றார் மச்சான். "ஏத்துப்பா வண்டில."

இங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாழ்க்கையில் எனக்கு யோசனை வருவதே அபூர்வம். வந்தால் உடனே செய்துவிடுவேன், இரண்டாவது யோசனை வருவதற்குள். மிச்சமிருந்த அந்த ஒரு ஒயரில் பின்னைச் செருகி, டூலின் வாயில் கொடுத்து, பாதி அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். டூல் பின்னைக் கவ்விக்கொண்டு போர்டிலிருந்து வௌவால் மாதிரி தொங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். டூல் இல்லாமல் போர்டு போகாது, போர்டு இல்லாமல் டூல் வராது. மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

மச்சான் டூலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஆட்டினார். "வுட்றா!" என்று கத்தினார். டூலைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டு பேரும் விடவில்லை.

"இந்த கிரிப்பிங்க எப்பிடி எடுக்கிறது?" அவருக்கு அது எப்போதும் கிரிப்பிங்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. மச்சான் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கோபத்தில், தன் முழு எடையையும் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினார். 'டக்'. டூல் திறந்துகொண்டது. முழுசாக அழுத்தினால் விட்டுவிடும் என்று நானே இத்தனை நேரம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் போராட்டத்தில் அந்த ஒரு சின்ன ஓட்டை இருந்தது. போட்ட மாலையை நானே கழற்றி வைத்தேன்.

மச்சானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பட்டறை தொடங்கியதிலிருந்து அவர் தன் கையால் போட்ட முதல் பின் அது. "தோ, நானே போட்டுட்டேன். இதுக்குப் போயா இவன் இவ்ளோ அலட்டிக்கிறான்? கெட்டியா இல்லியான்னு நீங்களே இழுத்துப் பாருங்க."

வலை முடிச்சு, கயிற்று முடிச்சு எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பாத கை பண்ணைக்காரருடையது. ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு, பின்னை மறு கையில் பிடித்து, ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். ஒயர் ஒரு கையில், பின் ஒரு கையில்.

மச்சான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பண்ணைக்காரர் பின்னைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்னா மொதலாளி, பின்னுக்கெல்லாம் பொட்டு வெச்சி வுட்டிருக்கீங்க? பொண்ணா பாக்க வந்திருக்கேன்?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க உள்ளங்கையைக் கடித்துக்கொண்டேன். என் பல் சரியான இடத்தில்தான் கடித்தது.

"தம்பி, எல்லாத்தையும் வெட்டிப் போட்டுப் புதுசா போடு" என்றார் பண்ணைக்காரர். "இன்னிக்கு இன்ஜினுகிட்டயே பாய விரிச்சி ஒக்காந்துக்கறேன். நாளைக்குக் காலைல நீயே வந்து மாட்டணும். வேற ஆள அனுப்புனா எறங்க வுடமாட்டேன்."

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்து டூலைப் பிரிக்க உட்கார்ந்தேன். மச்சான் மறித்தார்.

"சரி பண்ணு. ஆனா பொட்ட அழிக்காத."

"அழிக்காம எப்பிடி மச்சான் சரி பண்றது?"

"அது எனக்குத் தெரியாது. விஜயதசமி அன்னிக்கி வெச்ச பொட்ட அன்னிக்கே அழிக்கிறது அபசகுனம். தொழில் பண்ற எடம் இது. பொட்டுல கை வெச்சினா நாளைலேருந்து வேலைக்கு வராத."

சொன்னவர் முதலாளி, பெண்டாட்டியின் அண்ணன், சீமந்தத்துக்கு எனக்கு மோதிரம் போட்டவர். எனக்கு வேறு வேலை தெரியாது. ஏணியும் வெல்டிங்கும் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மனுஷர் சிதம்பரத்தில் இன்ஜின் பக்கத்தில் பாய் விரிக்கப் போகிறார். என் பின்னை நம்பித்தான் அடுத்த நாள் அவர் தூங்குவார். தூங்குகிறவனுக்கு உருவிக்கொள்கிற பின்னைவிடப் பெரிய அபசகுனம் எது?

மச்சானின் எதிரிலேயே குழி இருக்கும் பாகத்தின் திருகாணியைக் கழற்றினேன். பல்குச்சியால் நோண்டினேன். சந்தனம் வட்டமாக, ஹோமியோபதி மாத்திரை மாதிரி, முழுசாக வெளியே வந்தது. ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் குழியையும் பல்லையும் தேய்த்தேன். துணியால் துடைத்தேன். திரும்ப மாட்டினேன். ஒரு பின் போட்டுத் தராசில் இழுத்தேன். முள் போக வேண்டிய இடத்தையும் தாண்டிப் போனது.

"நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் மச்சான்.

"நானும் தொடச்சது தொடச்சதுதான்" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் ஒவ்வொரு பின்னாக வெட்டி எறிந்துவிட்டுப் புதுசாகப் போட்டேன். ஒயர் நீளம் கொஞ்சம் குறைந்ததில் பிளக்கை மூட ரொம்ப நெருக்கமாகிவிட்டது. விஜயதசமியன்று சொல்லக் கூடாத வார்த்தைகள் சில சொல்லித்தான் மூட முடிந்தது.

மறுநாள் காலையில் போர்டோடு சிதம்பரத்துக்குப் போனேன். பண்ணைக்காரரின் கண் இரண்டும் நண்டுக் கண் மாதிரி வெளியே வந்து சிவந்திருந்தது. போர்டை மாட்டி, சுவிட்சைப் போட்டதும் குளத்தில் சக்கரங்கள் வரிசையாகத் தண்ணீரைச் சிலுப்ப ஆரம்பித்தன. இன்ஜினை நிறுத்தினார். வெகு நேரம் நின்று பார்த்தார். அப்புறம் கொட்டகைக்குள் போய்ப் படுத்து, நான் கிளம்பும் முன்பே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எனக்கு யாரும் அந்த மாதிரி ஒரு பாராட்டுப் பத்திரம் தந்ததில்லை.

வழியில் மச்சானிடமிருந்து போன்.

"சுத்துதா?"

"சுத்துது."

"பூச போட்டதுல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் பட்டறைக்குப் போனேன். வராதே என்று சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. போகாமல் இருப்பது என்று நானும் முடிவெடுக்கவில்லை. இரண்டு பேரும் அவரவர் கொள்கையில் உறுதியாக இருந்துகொண்டு வேலை பார்த்தோம்.

அடுத்த வருஷம், அதாவது போன ஆயுத பூஜைக்கு, மச்சான் முதல்நாளே சொல்லிவிட்டார். "பொட்டு வெக்காத ஆயுதம் என் பட்டறைக்குள்ள இருக்கக் கூடாது."

"வாயில வெப்பீங்களா?"

"வேல செய்யிற எடத்துலதான் வெப்பேன்."

"அப்ப டூலு உள்ள வராது. டூலு வராத எடத்துக்கு நானும் வரமாட்டேன்."

சொன்னபடியே செய்தேன். பூஜையன்று டூலோடு வாசலில் என் பைக்கில் உட்கார்ந்துகொண்டேன். பைக்குக்கு மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் உண்டு. மேலே உட்கார்ந்திருந்த எனக்கும் டூலுக்கும் ஒன்றும் கிடையாது. உள்ளே மணி அடித்தது. சந்தில் போகிறவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தீட்டு என்று நினைத்து ஒருவர் "யாருப்பா தவறிட்டாங்க?" என்றுகூடக் கேட்டார். "எல்லாரும் நல்லா இருக்காங்கண்ணே. இதுக்குத்தான் பல்லு சரியில்ல" என்று டூலைக் காட்டினேன்.

பூஜைக்கு வந்திருந்த பெண்டாட்டி ஒரு தட்டில் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து கையில் திணித்தாள். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல" என்றாள். என்னையும் டூலையும் சொன்னாளா, என்னையும் அவள் அண்ணனையும் சொன்னாளா தெரியவில்லை.

உள்ளேயிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "மாப்ள, உள்ள வா. தீபாராதன ஆவப் போவுது."

"வாயில வெக்க மாட்டேன்னு சொல்லுங்க, வரேன்."

"வெப்பேன்."

"அப்ப வரல."

மணி மறுபடியும் அடித்தது. நான் சுண்டலை மெல்ல ஆரம்பித்தேன்.